குடத்துக்குள் யாருடைய பெயர் இருந்தது?

(மாலை நேரப் பயிற்சி மையங்களில் பாடம் நடத்தும் தன்னார்வலர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய் வரலாறும் குடிமையியலும் சொல்லிக் கொடுப்பது எப்படி’ என்று பேசச் சொன்னார்கள். நான் பள்ளி ஆசிரியை இல்லை. ஆய்வு மாணவி. ஆய்வு வேலை போக மீதி நேரத்தில், ஆறு ஆண்டுகளாக ஒரு மாலை நேர மையத்தில் பாடம் எடுக்கிறேன். அங்கே செய்து பார்த்ததையும், அதில் சறுக்கியதையும் சொல்கிறேன். உங்கள் ஊருக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் சுற்றுலா ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் எங்களைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். வேனை விட்டு இறங்கியதும் எல்லோரும் செருப்பை ஒரே இடத்தில் கழற்றிப் போட்டோம். ‘நாலு பேர் இங்கேயே நின்னு செருப்பைப் பார்த்துக்கோங்க’ என்று சொல்லி நான்கு பிள்ளைகளை நிறுத்தினார்கள். நால்வரில் நானும் ஒருத்தி. நால்வரும் ஒரே தெருப் பிள்ளைகள். எண்பது சோடிச் செருப்புகளுக்குக் காவலாக நின்றுகொண்டு விமானத்தை அண்ணாந்து பார்த்ததுதான் நான் முதன்முதலில் பார்த்த பெரிய கோயில். ஏன் எங்கள் நால்வரை மட்டும் நிறுத்தினார்கள் என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வெயிலுக்கு ஒதுங்க நிழல் இருந்ததே, அதுவே போதும் என்று இருந்தோம்.

பல ஆண்டுகள் கழித்து, முனைவர் பட்ட ஆய்வுக்காக அந்தக் கோயிலின் கல்வெட்டுப் பாடங்களை வாசித்தேன். 1010ஆம் ஆண்டு இராசராசன் கட்டி முடித்த கோயில் அது. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊர்நத்தம் இவ்வளவு, குளம் இவ்வளவு, வாய்க்கால் இவ்வளவு, சுடுகாடு இவ்வளவு, இவற்றுக்கு வரி இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகும் அந்தக் கணக்கு. அந்த வரிசையில் ‘பறைச்சேரி’ வருகிறது. ‘தீண்டாச்சேரி’ வருகிறது. நூலகத்தில் உட்கார்ந்து அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்குச் செருப்புக் குவியல்தான் நினைவுக்கு வந்தது. நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன், எங்கள் தெரு உள்ளே கல்லில் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளாக இருந்தது. அதைக் காட்டித் தர ஒருவரும் இல்லை.

தோழர்களே, வரலாற்று இடங்களுக்கு நம் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த இடங்கள் நமக்கும் சொந்தம் என்ற பெருமிதத்துக்காக மட்டும் இல்லை. அங்கே நம்மைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள், அதை நாமே படிக்க வேண்டும் என்பதற்காக.

அதே பெரிய கோயிலில், தேவரடியார்களாகக் கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர், எந்தத் தளியிலிருந்து வந்தார், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று எல்லாமே இருக்கிறது. தச்சர், குயவர், நாவிதர், வண்ணார், தையற்காரர் என்று வேலை செய்தவர்களுக்கு எவ்வளவு நெல் என்று கணக்கு இருக்கிறது. கோயிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயர் இருக்கிறது. ஆனால் சுற்றுலா போன பிள்ளையிடம் ‘தஞ்சைக் கோயிலைப் பற்றிச் சொல்’ என்று கேட்டால், உச்சிக்கல்லின் எடையும் நிழல் தரையில் விழாது என்ற கதையும்தான் வரும். நிழல் விழத்தான் செய்கிறது. நான் அந்த நிழலில்தான் நின்றிருந்தேன்.

இப்போது உத்திரமேரூருக்கு வருகிறேன். நாங்கள் அதிகமாகப் போன இடம் அதுதான். எங்கள் மையத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பாடப்புத்தகத்தில் வருகிற இடம். ‘குடவோலை முறை’ என்று ஒரு மதிப்பெண் கேள்வியிலிருந்து ஐந்து மதிப்பெண் கேள்விவரை வரும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரும் இந்தக் கல்வெட்டைச் சொல்லிப் பேசினார். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மிடம் மக்களாட்சி இருந்தது என்பதற்கு இதுதான் சாட்சி என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள்.

சரி, போய்ப் படித்துப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம்.

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் அந்தக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று 919, மற்றொன்று 921. நாங்கள் போனது ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 28 பேரோடு. மண்டபத்துக்கு வெளியே வந்ததும் பாதிப் பேர் தயங்கி நின்றார்கள். ‘உள்ள போலாமாக்கா?’ என்று ஒரு பையன் கேட்டான். தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம், யாரும் போகலாம் என்றேன். ‘கோயிலாச்சேக்கா’ என்றான். அவன் ஊரில் தேர் அவன் தெருவுக்கு வராது, அவனும் தேரடிக்குப் போக மாட்டான். குடிமையியலின் முதல் பாடம் அந்த வாசற்படியில் ஆரம்பித்துவிட்டது. நான் தயாரித்து வந்த தாள்களை மூடி வைத்துவிட்டு, அரசமைப்புச் சட்டத்தின் 15, 17ஆம் பிரிவுகளை அங்கேயே நின்று சொன்னேன். பிறகு எல்லோரும் சேர்ந்து உள்ளே போனோம்.

சுவரைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்டது, ‘இது தமிழா?’ என்றுதான். தமிழும் கிரந்தமும் கலந்த எழுத்து. ‘க’, ‘ம’, ‘ர’ என்று தெரிந்த எழுத்துகளைத் தேடச் சொன்னோம். விரலை வைத்துத் தொடக்கூடாது, கண்ணால் தேட வேண்டும். கால் மணி நேரம் அமைதியாகத் தேடினார்கள். நம் பிள்ளைகளை அமைதியாக இருக்க வைப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு வெளியே மரத்தடியில் ஒரு விளையாட்டு. வீட்டிலிருந்து ஒரு குடம் கொண்டு போயிருந்தோம். அதில் 28 சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் பத்தாம் நூற்றாண்டு ஊரின் ஒரு ஆள். நிலத்தில் கூலி வேலை செய்பவர், ஏரிக்கரை மண் சுமப்பவர், குயவர், தச்சர், நெசவாளி, எண்ணெய் ஆட்டுபவர், நிலம் உள்ள விதவைப் பெண், முப்பது வயதில் வேதம் படித்த பிராமண இளைஞர், அறுபது வயதுப் பிராமண நிலக்காரர் என்று. ஆளுக்கொரு சீட்டு எடுத்துக்கொண்டு எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் கல்வெட்டில் உள்ள தகுதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். தன் தகுதி போய்விட்டது என்று நினைப்பவர் உட்கார்ந்துவிட வேண்டும்.

‘வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும்.’ ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். கால் வேலி என்றால் ஒன்றரை ஏக்கருக்கு மேல். ஒரே வரியில் பதினாறு பேர் உட்கார்ந்தார்கள்.

‘சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும்.’ இன்னும் இரண்டு பேர்.

‘வயது 35க்கு மேல், 70க்குள்.’ இளைஞர்கள் உட்கார்ந்தார்கள்.

‘வேதமும் பிராமணமும் கற்றிருக்க வேண்டும், பிறருக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.’ இங்கேதான் நின்றிருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நிலமுள்ள விதவை சீட்டை வைத்திருந்த பெண் கேட்டாள், ‘நான் படிச்சிருந்தா?’ உன்னைப் படிக்க விட்டிருக்க மாட்டார்கள் என்றேன். ‘அப்போ மொதல்லயே பொம்பளைங்க உக்காருங்கன்னு சொல்லியிருக்கலாமே’ என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள்.

கடைசியில் இரண்டே பேர் நின்றார்கள். அந்த இருவருக்கும் கல்வெட்டு இன்னும் நிபந்தனை வைத்திருக்கிறது. ‘தாழ்ந்தவர்’களோடு சேர்ந்ததற்காகத் தள்ளி வைக்கப்பட்டவராக இருக்கக்கூடாது. விலக்கப்பட்ட உணவை உண்டவராக இருக்கக்கூடாது. அதாவது, உட்கார்ந்திருக்கும் 26 பேரில் சிலரோடு பழகினால் நிற்கும் இருவரும் உட்கார வேண்டியதுதான்.

உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அங்கிருந்தது பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவனைவிட்டு எடுக்கச் சொல்லி, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பிரித்து நிர்வாகம் செய்தார்கள். நுட்பமான ஏற்பாடுதான். ஆனால் அது அந்தச் சபைக்குள் இருந்தவர்கள் தங்களுக்குள் பதவியைப் பங்கிட்டுக்கொண்ட முறை. மக்களாட்சி என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி குடத்தில் எப்படிக் குலுக்கினார்கள் என்பது இல்லை. குடத்துக்குள் யாருடைய பெயர் போனது என்பதுதான்.

இதைச் சொன்னால் ‘தமிழர் பெருமையைக் கெடுக்கிறீர்கள்’ என்று ஒரு குற்றச்சாட்டு வரும். எனக்கு வந்திருக்கிறது. நம் பக்கத்திலும் வேறொரு தவறு நடக்கும். எல்லாமே சூழ்ச்சி, எதுவுமே எடுத்துக்கொள்ள இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவோம். பிள்ளைகள் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்கு ஒப்படைக்காதவர் நிற்கக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக்கூடாது என்று அதே கல்வெட்டில் ஒரு விதி இருக்கிறது. அதைப் படித்ததும் கைதட்டினார்கள். ‘இதை மட்டும் இப்பவும் வச்சிக்கலாம்க்கா’ என்றான் ஒருவன். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று கல்லைப் படித்துவிட்டு முடிவு செய்வதுதான் வரலாற்றுக் கல்வி. புகழ்வதும் இகழ்வதும் அதற்குப் பிறகு வரட்டும்.

அடுத்து இரண்டாவது சுற்று. அதே சீட்டுகள், அதே ஆட்கள். எல்லோரும் மறுபடி எழுந்து நின்றார்கள். இந்த முறை நான் படித்தது நம் அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு. 18 வயது நிறைந்த குடிமக்கள் எல்லோருக்கும் வாக்கு. ஊராட்சித் தேர்தலில் நிற்க 21 வயது போதும். நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், ஆணாக இருக்க வேண்டாம். ஒருவர்கூட உட்காரவில்லை. 28 பேரும் நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த நாடு முழுவதையும் இப்படி எழுந்து நிற்க வைத்தவர்களில் பாபாசாகேப் அம்பேத்கர் ஒருவர், அவர் கிராமத்தை அல்ல, தனி மனிதரைத்தான் அரசமைப்பின் அடிப்படை அலகாக எடுத்துக்கொண்டார் என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முடியவில்லை. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அதுவரை அதிகம் பேசாதவள், சொன்னாள்: ‘எங்க பெரிம்மா தலைவரா இருந்தாங்கக்கா. அவங்க நாற்காலில உக்காந்து நான் பார்த்ததே இல்ல.’

யாரும் சிரிக்கவில்லை. ‘ஆபீஸ்ல ஒரு நாற்காலிதான் இருக்கும். அதுல வேற ஒருத்தர் உக்காந்திருப்பார். பெரிம்மா கையெழுத்து மட்டும் போட்டுட்டு வருவாங்க’ என்றாள்.

நான் அவளுக்கு அங்கே ஒரு பதிலும் சொல்லவில்லை. தயாரிப்பில்லாமல் எதையாவது சொல்லிச் சமாளித்திருந்தால், அவள் அடுத்த முறை வாயே திறந்திருக்க மாட்டாள். ‘அடுத்த வாரம் முழுக்க இதைப் பற்றித்தான் பேசுவோம்’ என்றேன். பஸ்ஸில் திரும்பும்போது அவள் சன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தாள்.

அடுத்த வாரம் மேலவளவைப் பற்றிப் பேசினோம். 1992இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73ஆவது திருத்தம், அதன்படி 1994இல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996இல் நடந்த தேர்தல், தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு, இவை எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. மதுரை மாவட்டம் மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதும் என்ன நடந்தது என்பது இல்லை. வேட்பாளர்களை மிரட்டினார்கள். தேர்தல் தடைபட்டது. 1996 டிசம்பர் 31இல் நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, மாவட்ட ஆட்சியரைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்பும் வழியில் அவரும் அவருடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை பத்து ஆண்டுகள் முறையாகத் தேர்தலே நடத்த முடியவில்லை. 2006இல்தான் நடந்தது.

இதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று கேட்பீர்கள். எங்கள் மையத்திலேயே தோழர்களுக்குள் வாக்குவாதம் வந்தது. நான் என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். வெட்டிய விதத்தை விவரிக்கத் தேவையில்லை. படங்களைக் காட்டவே கூடாது. ஆனால் ஒரு மனிதர் தேர்தலில் வென்றதற்காகக் கொல்லப்பட்டார் என்பதை மறைக்கவும் கூடாது. பெரியம்மா ஏன் நாற்காலியில் உட்காரவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நம் மௌனம் பாதுகாப்பு ஆகாது. ‘எங்க பெரிம்மாவுக்குத் தைரியம் இல்ல’ என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். மேலவளவைக் கேட்ட பிறகு, ‘உக்காரலன்னாலும் நின்னாங்க இல்ல, எலெக்‌ஷன்ல?’ என்றாள். வரலாறு ஒரு பிள்ளைக்குத் தன் வீட்டு ஆளைத் திருப்பிக் கொடுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறு ஆண்டு, பத்தாம் வகுப்பு முடித்த ஆறு பேரை அவர்களின் பெற்றோர் சம்மதத்தோடு மேலவளவுக்கு அழைத்துப் போனோம். ‘விடுதலைக் களம்’ என்ற அந்த நினைவிடத்தில் நான் எதுவும் பேசவில்லை. அங்குள்ள பெயர்களைப் பிள்ளைகளே ஒவ்வொன்றாக வாசித்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு கேள்வியை எழுதினார்கள். ‘போலீஸ் ஏன் கூட வரவில்லை?’ என்பது ஒரு கேள்வி. ‘தண்டனை கிடைத்ததா?’ என்பது இன்னொன்று. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீடுகளிலும் தண்டனை உறுதியானது, 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுவித்தது என்று சொன்னேன். ‘யார் விடச் சொன்னது? அதுக்குச் சட்டம் என்ன?’ என்று கேட்டார்கள். குடிமையியல் அப்படித்தான் வளர வேண்டும். நீதிமன்றம், அரசு, ஆளுநர், மன்னிப்பு அதிகாரம் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிட்டன.

வரலாற்று இடம் என்றால் தொலைவில் உள்ள இடம் என்று நினைத்துவிட வேண்டாம். பஸ் காசு இல்லாத மையங்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் ஊரில் ஒரு பூங்கா இருந்தால் போதும்.

சென்னைத் தோழர்களுக்குச் சொல்கிறேன். சிந்தாதிரிப்பேட்டையில் மே தினப் பூங்கா இருக்கிறது. முன்பு அதற்கு நேப்பியர் பூங்கா என்று ஓர் ஆங்கிலேய ஆளுநரின் பெயர். ஆளுநர் பெயர் போய்த் தொழிலாளர் நாள் எப்படி வந்தது என்று கேட்டால், 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியது வரை போகலாம். தியாகராய நகர் பனகல் பூங்காவில் துணி வாங்க வந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பனகல் அரசர் யார், அவர் முதலமைச்சராக இருந்தபோது 1921இல் வந்த வகுப்புரிமை ஆணை என்ன என்று அங்கேயே ஒரு பெஞ்சில் வைத்துப் பேசலாம். கொஞ்சம் தள்ளினால் நடேசன் பூங்கா. வெளியூரிலிருந்து படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்களுக்குத் திருவல்லிக்கேணியில் விடுதி நடத்தியவர் அந்த நடேசனார். கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனாரின் மண்டபமும், 2023இல் திறந்த அயோத்திதாசப் பண்டிதர் மண்டபமும் இருக்கின்றன. ஒரு நாள் முழுக்கப் போதும் அங்கே.

சீனிவாசனாரின் மண்டபத்தில் நின்று நான் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பொதுக் கிணறு, குளம், அலுவலகம், மக்கள் கூடும் இடம் எதிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம், புழங்கலாம், தடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. நகரத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை என்று திருத்திக்கொள்கிறேன். பம்பாய் சட்டமன்றத்திலும் 1923இல் இதுபோன்ற தீர்மானம் ஒன்று வந்தது. மகாடு நகராட்சி அதை ஏற்றுச் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924இல் அறிவித்தது. ஆனாலும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்து போய்த் தண்ணீரைக் கையில் அள்ளிய பிறகுதான் அது பொதுக்குளம் என்று உலகத்துக்குத் தெரிந்தது. தீர்மானம் காகிதத்தில் இருக்கும். பொது இடம் காலில்தான் இருக்கிறது. நடந்தால்தான் அது பொது.

அதனால்தான் பூங்காவை நான் குடிமையியல் வகுப்பறை என்கிறேன். வாசலில் கட்டணம் இல்லை, சாதி கேட்பதில்லை, யார் எந்தப் பெஞ்சிலும் உட்காரலாம். இந்த ஏற்பாடு தானாக வந்துவிடவில்லை. பிள்ளைகளிடம் கேளுங்கள். இந்தப் பூங்காவைப் பராமரிப்பது யார்? எந்த வார்டு? உறுப்பினர் யார்? பெயர்ப்பலகையில் யார் பெயர் இருக்கிறது? காலையில் குப்பை அள்ளுகிறவர் யார், அவர் பெயர் ஏன் பலகையில் இல்லை? கழிப்பறை ஏன் பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம்?

கிராமத்தில் இதையே வரைபடமாகச் செய்யலாம். எங்கள் மையத்தில் பிள்ளைகள் தங்கள் ஊரை வரைந்தார்கள். பள்ளி, நூலகம், ரேசன் கடை, தண்ணீர்த் தொட்டி, ஊராட்சி அலுவலகம், பூங்கா, சுடுகாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வரைந்து முடித்ததும் யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. நிறம் எல்லாம் ஊர்ப் பக்கம், காலனிப் பக்கம் வெறும் வெள்ளை. மேல்நிலைத் தொட்டி மட்டும் ஒன்று. பக்கத்து ஊர் வரைபடத்தில் சுடுகாடுகூட இரண்டு. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஊருக்கு நடுவே நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008இல் இடித்தார்கள். நம் வரைபடங்களில் சுவர் இல்லை. ஆனால் சுவர் இருந்தால் எங்கே நிற்குமோ அந்த இடம் தெரிந்தது.

அந்த வரைபடத்தை இணைத்து, காலனியில் விளையாட்டு இடமும் இரண்டு ஊஞ்சலும் வேண்டும் என்று பிள்ளைகள் மனு எழுதினார்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அவர்கள் மே 1 அன்று பெற்றோரோடு போனார்கள். மனு தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, ஊஞ்சல் வரவில்லை. வந்திருந்தால் இந்த உரைக்கு நல்ல முடிவாக இருந்திருக்கும். ஒவ்வொரு கிராம சபையிலும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து ‘ஊஞ்சல் என்னாச்சு?’ என்று கேட்கிறது. இப்போதைக்கு எங்களிடம் இருப்பது அந்தக் கேள்விதான்.

கடைசியாகச் சில நடைமுறைக் குறிப்புகள்.

போவதற்கு முன் நீங்கள் ஒரு முறை தனியாகப் போய்ப் பாருங்கள். தண்ணீர், கழிப்பறை, நிழல் மூன்றும் எங்கே என்று தெரியாமல் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். மாதவிடாய் நாட்களில் உள்ள பெண் பிள்ளைகள் கழிப்பறை இல்லை என்பதற்காகவே சுற்றுலாவுக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள். தொல்லியல் துறைச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, அதைப் பயன்படுத்துங்கள். சோறு ஒரே பாத்திரத்தில் கட்டிக்கொண்டு போய் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். அதுவும் பாடம்தான்.

ஒரே நாளில் ஒரே இடம். ஐந்து இடம் பார்த்தால் எதுவுமே பார்த்ததாகாது. அங்கே நீங்கள் அதிகம் பேசாதீர்கள். மூன்று கேள்விகள் போதும்: இதைக் கட்டியது யார்? இதற்குள் யாரை விட்டார்கள்? இதைப் பற்றி எழுதியது யார்? திரும்பி வந்து ஒரு வாரத்துக்குள் எழுதவோ வரையவோ வையுங்கள். பிள்ளை கேட்ட கேள்விக்கு உடனே பதில் தெரியவில்லையா, ‘தெரியவில்லை, தேடிச் சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி தேடிச் சொல்லுங்கள்.

தகவலில் கவனமாக இருங்கள். நமக்குப் பிடித்த செய்தி என்பதற்காக ஆதாரமில்லாத எதையும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். நம்மிடம் உள்ள உண்மையே போதுமான அளவு கனமானது. அதை ஊதிப் பெருக்கத் தேவையில்லை. ஒரு பொய் பிடிபட்டால், தீண்டாச்சேரி என்ற கல்வெட்டுச் சொல்லையும் சேர்த்துப் பொய் என்பார்கள்.

பெரியம்மாவைப் பற்றிச் சொன்ன பெண் இப்போது பதினோராம் வகுப்பு. மையத்தில் பிள்ளைகளுக்குள் தேர்தல் வைத்தோம், உறுப்பினர் கட்டணக் கணக்கை அவள்தான் பார்க்கிறாள். மாதக் கடைசியில் கணக்கைச் சுவரில் ஒட்டுகிறாள். உத்திரமேரூரிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். கூட்டம் நடக்கும்போது அவள் நாற்காலியில் உட்கார்கிறாள். மற்றவர்களுக்கும் நாற்காலி கிடைக்கும்வரை கூட்டத்தை ஆரம்பிப்பதில்லை.

இப்போது நாங்கள் எங்கே போனாலும் செருப்பைப் பார்த்துக்கொள்ள யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. ஆளுக்கொரு துணிப்பை. அவரவர் செருப்பை அவரவர் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறோம்.